மூன்று முறை அழைத்தும்

வரிசையில் நின்றவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் ஏற்கெனவே விறைத்து நின்றாயிற்று. எழுபத்தைந்து வயதுக்கு மேல் எவ்வளவு விறைக்க முடியுமோ அவ்வளவு. ஆகவே, மைலோ இறந்தவனின் பெயரை முதல் முறை "ஹைட்!" என்று கூப்பிட்டதும் இரண்டு பூட்ஸ் குதிகால்கள் டக்கென்று ஒன்றுசேர்ந்த சத்தம் எங்கிருந்து வந்தது என்று ஹார்லன் பிரெக்கிக்குப் புரியவில்லை.

நினைவுக்கல்லுக்குப் பின்னாலிருந்து வந்த மாதிரி இருந்தது. பூட்சுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் எழும் சத்தம்.

"நிறுத்து," என்றார் ஹார்லன். "யாருப்பா குதிகால் தட்டினது?"

"நான் இல்ல," என்று பட்டியலைத் தாழ்த்தினார் மைலோ ஸ்வபோடா. "எனக்கு ரெண்டு முட்டியும் டைட்டானியம். தட்டினா ஏர்போர்ட்ல மணி அடிக்கும்."

வரிசை சிரித்தது. ஹார்லன் சிரிக்கவில்லை. நாளை நவம்பர் பதினொன்று, படைவீரர் தினம், காலை பதினோரு மணிக்குத் திறப்பு விழா. அவர் குழுத் தலைவர். தலைவர்கள் ஒத்திகையில் சிரிப்பதில்லை.

டகோட்டாச் சமவெளியின் அந்தப் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னங்களுக்கென்று தனியாக ஒரு பாதை உண்டு. கடற்படைக்காரர்கள் நங்கூரம் வைத்திருந்தார்கள், கடல் அங்கிருந்து ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி இருந்தாலும். விமானப்படைக்காரர்கள் ஒரு பழைய விமானத்தின் சுழல்விசிறி. தாதிகள் ஒரு சின்ன பெஞ்சு. அதில்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எட்டடிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது என்பது விதி. நங்கூரம் ஏழடி பத்து அங்குலம். எனவே ஹார்லனின் குழு நான்கு வருடம் சண்டை போட்டு, சரியாக எட்டடிக்குக் கறுப்புக் கிரானைட்டை நிறுத்தி, அதன் உச்சியில் சிறகு விரித்த கழுகையும் உட்கார வைத்தது. கழுகு உயரத்தில் சேராது, உணர்வில் சேரும் என்று ஹார்லன் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். தோட்டத்தைப் பராமரிக்கும் லியான் பெல்கார்ட் டேப்பை வைத்து அளந்துவிட்டு, "உணர்வு ஒண்ணரை அடி இருக்கு, சார்ஜென்ட்," என்றான். அதோடு விட்டுவிட்டான்.

கல்லின் முன்பக்கத்தில் நன்கொடை தந்த டிராக்டர் வியாபாரியின் பெயர். இறந்த பதினோரு பேரின் பெயர்கள் பின்பக்கத்தில், கொஞ்சம் சின்ன எழுத்தில், வெயில் படாத வடக்குப் பார்த்து. அவற்றுக்கும் கீழே ஹார்லனே எழுதிய வாசகம்: 'மூன்று முறை அழைத்தும் பதில் வரவில்லை. ஆயினும் நாங்கள் மறக்கவில்லை.'

"முதல்லேர்ந்து எடுப்போம்," என்றார் ஹார்லன்.

'கடைசி ஆஜர்' என்று அவர்கள் அந்தச் சடங்கைச் சொல்வார்கள். முதலில் உயிரோடிருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும், கூப்பிடுபவர் யாரானாலும் ஒவ்வொருவரும் "இருக்கேன், சார்ஜென்ட்!" என்று கத்த வேண்டும். அப்புறம், பதினோரு பேருக்கும் சேர்த்து, இறந்த ஒருவனை: ஆல்வின் ஹைட்டை. குடும்பப் பெயரால் ஒரு முறை, பதவியோடு ஒரு முறை, முழுப்பெயரில் ஒரு முறை. மூன்றுக்கும் பதில் வராது. வராத அந்தப் பதிலுக்காகத்தான் சடங்கே. அப்புறம் ஊதுகுழல்.

மைலோ நாற்பது வருடம் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவர். சமவெளியே திரும்பிப் பார்க்கிற குரல்.

"இப்படிக் கூப்பிட்டா செத்தவன் எந்திரிச்சு விலைதான் கேப்பான்," என்றான் லியான், வண்டியில் சாய்ந்தபடி.

"உனக்கென்னடா தெரியும்? பட்டாளத்துல இருந்தப்போ இந்த சார்ஜென்ட் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை வாங்கினான். இப்பத்தான் நான் கூப்பிட அவன் பதில் சொல்றான். அனுபவிக்க விடு." மைலோ தொண்டையைச் செருமினார். "பிரெக்கி!"

"இருக்கேன், சார்ஜென்ட்!"

மற்ற நால்வரும் சொல்லி முடித்தார்கள். பிறகு, "ஹைட்!"

காற்று கொடிக்கம்பத்துக் கயிற்றை இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த புல்லின்மேல் பனித்துகள் மணல் போல உரசி ஓடியது. அந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவே, காதில் மாட்டியிருந்த கருவியின் மெல்லிய இரைச்சலுக்கும் அடியில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பதில் சொல்லப் போகிறவன் இழுக்கும் மூச்சு.

"பிரைவேட் ஹைட்!"

அந்த மூச்சு அப்படியே நின்றது. வெளியே விடப்படவில்லை.

ஹார்லன் காதுக்கருவியைக் குற்றம் சொல்ல முடிவு செய்தார். மகள் மலிவாகப் பார்த்து வாங்கித் தந்தது.

அந்தக் கதையை அவர் ஐம்பத்தைந்து வருடமாகச் சொல்லி வந்தார். வியட்நாமில் ஒரு குன்று. ஆறு பேர் கொண்ட காவல் முனை, அதற்கு இருபத்தொரு வயது சார்ஜென்டாக அவர். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்ததும் இருட்டில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒன்றுசேர்த்தார். நால்வர் வந்தார்கள். ஓடைப் பக்கம் இருந்த ஆல்வின் ஹைட் வரவில்லை. வந்த நால்வரையும் உயிரோடு கீழே கொண்டுவந்ததற்குப் பதக்கம். ஊருக்குத் திரும்பிய புதிதில் ஆல்வினை ஒரு முறை கூப்பிட்டதாகத்தான் சொன்னார். லயன்ஸ் சங்க விருந்துகளில் அது இரண்டு முறையானது. பள்ளிக்கூடங்கள் பேசக் கூப்பிட ஆரம்பித்த பிறகு மூன்று முறை, மூன்றாவது முறை குண்டுமழைக்கு நடுவில், எழுந்து நின்றுகொண்டு. கிரானைட் வந்து சேர்ந்ததும் அந்த எண்ணிக்கை ஒருவழியாக நிலைபெற்றது.

ஒத்திகை முடிந்து எல்லோரும் காபிக்குப் போனபோது லியான் அவரை ஓரமாக அழைத்தான். "சார்ஜென்ட், ஒண்ணு காட்டணும். வாங்க."

கல்லுக்குப் பின்னால் சரிவில், உடல் கிடைக்காதவர்களுக்கான கற்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 'நினைவாக' என்று இருக்கும். கீழே எதுவும் இல்லை. தோண்டாத மண், அதனால் அங்கே மட்டும் தரை பலகை போல மட்டமாக இருக்கும். ஆல்வின் ஹைட்டின் கல்லுக்கு முன்னால் மட்டும் இல்லை. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்துக்குத் தரை உள்வாங்கியிருந்தது.

"திங்கக்கெழமை மண்ணு போட்டேன். புதன்கெழமை போட்டேன். இன்னிக்குக் காலையிலயும் போட்டேன்," என்றான் லியான். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். மண்ணு இப்படி எறங்கணும்னா கீழ ஆள் இருக்கணும்."

"எலி கிலி தோண்டியிருக்கும்."

"எலியா? நேரா, மூலைக்கு மூலை வெட்டித் தோண்டுமா?" லியான் குனிந்து ஒரு பிடி எடுத்துக் காட்டினான். "நான் போட்டது கறுப்பு மண்ணு. இது என்ன மண்ணு, சார்ஜென்ட்?"

சிவப்பு. பிசுபிசுவென்று விரலில் ஒட்டும் சிவப்பு. நிலமெல்லாம் உறைந்து இரும்பாகிக் கிடந்த அந்தப் பிற்பகலில், அது வெதுவெதுப்பாக இருந்தது. அழுகிய மூங்கில் இலை, கொசு எண்ணெய், நாள்கணக்கில் காயாத துணி எல்லாம் சேர்ந்த ஒரு வாடை அதிலிருந்து எழுந்து ஹார்லனின் மூக்கில் ஏறி அங்கேயே தங்கியது.

"புல்வெளி நிர்வாகம் உன் பொறுப்பு," என்றார் ஹார்லன், தலைவர் குரலில். "நாளைக்குள்ள சரி பண்ணிடு."

லியான் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். காதுக்கருவிகள் இரைந்தன. எரிச்சலோடு இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். காற்று நின்றது. கயிறு நின்றது. நெடுஞ்சாலை லாரிகள் நின்றன. கருவி இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் பேசும் மனைவியின் குரலே கேட்டதில்லை.

"இருக்கேன், சார்ஜென்ட்."

பத்தொன்பது வயதுக் குரல். கத்தவில்லை. சொல்லக் கூடாத இடத்தில் சொல்கிறவன் போல, அடக்கமாக, கீழ்ப்படிதலோடு.

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அன்றும் இதையேதான் சொன்னது. அவர் கூப்பிட்டது ஒரே ஒரு முறை, அதுவும் தனக்கே கேட்காத குசுகுசுப்பில். ஆல்வினுக்குக் கேட்டுவிட்டது. இருக்கேன் சார்ஜென்ட், கால் மாட்டிக்கிச்சு சார்ஜென்ட் என்றான். அந்த நேரம் பார்த்து ஒரு வெளிச்சக் குண்டு மேலே எழுந்தது. ஓடை வரை நாற்பது காலடி தூரம். ஹார்லன் மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னார்: பதில் இல்லை, நடங்க. பின்னால் அந்தக் குரல் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. முன்னால் போன மைலோவுக்குக் கேட்கவில்லை. ஹார்லனுக்கு ஓடை வளைவு வரை கேட்டது.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. பேச்சை இன்னொரு முறை சரிபார்த்தார்.

மறுநாள் காலை மூடுபனி கல்லறைகளின் இடுப்பளவுக்கு நின்றது. மடக்கு நாற்காலிகளில் இருநூறு பேர். டிராக்டர் வியாபாரி, தேசியக் கொடிக்கும் டிராக்டருக்கும் உள்ள ஆழமான உறவைப் பற்றி இருபத்திரண்டு நிமிடம் பேசினார். கழுகின் மேல் போர்த்தியிருந்த துணி இழுத்தபோது அலகில் மாட்டிக்கொண்டது, ஏணி வந்தது. ஹார்லன் எதையும் கவனிக்கவில்லை. அந்த வாடை பனியோடு கலந்து தரையோடு தரையாகப் பரவியிருந்தது. வேறு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

வரிசைக்குப் போகும்போது மார்லிஸ் ஹைட் அவர் கையைப் பிடித்தாள். ஆல்வினின் தங்கை, எழுபத்திரண்டு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள்.

"ஹார்லன், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா கேக்கல. அம்மா கேக்கக் கூடாதுன்னுட்டா."

"கேளும்மா."

"நீங்க கூப்பிட்டப்போ அவன் ஏதாவது சொன்னானா? சின்ன முனகலாவது?"

அவள் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. 'ஆமாம்' என்ற சொல் அவர் நாக்குக்கு வந்து, பல்லைத் தொட்டு நின்றது. இருநூறு நாற்காலி. எட்டடிக் கல். ஒன்றரை அடி உணர்வு.

"இல்லம்மா. மூணு தரம் கூப்பிட்டேன். பதிலே இல்ல."

மார்லிஸ் மெல்லத் தலையாட்டினாள். "அப்ப உடனே போயிட்டான். தனியா கெடந்து கஷ்டப்படல. இது போதும் எனக்கு." அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

ஹார்லன் வரிசையில் தன் இடத்தில் நின்றார். மைலோ பட்டியலை உயர்த்தினார்.

"பிரெக்கி!"

"இருக்கேன், சார்ஜென்ட்!"

மைலோ காத்திருந்தார்.

கேட்கவில்லை போலிருக்கிறது. ஹார்லன் இன்னொரு முறை கத்தினார். மைலோவின் கண்கள் வரிசையில் அவர் முகத்தின் மேல் நகர்ந்து, நிற்காமல் அடுத்த முகத்துக்குப் போயின.

"சார்ஜென்ட் பிரெக்கி!"

"இங்கதான்யா இருக்கேன்! மைலோ!"

பக்கத்தில் நின்றவரின் தோளைத் தொடக் கையை நீட்டினார். தோள் எட்டவில்லை. வரிசை தூரத்தில் இருந்தது. அவர் நகரவில்லை, ஆனால் வரிசை தூரத்தில் இருந்தது. கறுப்புக் கல் அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது. அதன் வடக்குப் பக்கம் தெரிந்தது. காலடியில் மண் இளகி இருந்தது. கணுக்கால் வரை. வெதுவெதுப்பு.

"சார்ஜென்ட் ஹார்லன் ஜே. பிரெக்கி!"

"இருக்கேன்!"

இருநூறு பேர் தலை குனிந்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மைலோவின் குரல் உடைந்திருந்தது, ஏலத்தில் ஒரு நாளும் உடையாத குரல். அவர் மெதுவாகப் பட்டியலில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.

"ஹைட்!"

"இருக்கேன், சார்ஜென்ட்!"

மைலோ தலையசைத்து, குறித்துக்கொண்டார்.

வரிசையில் மூன்றாவது இடத்தில், ஹார்லன் நின்றிருந்த இடத்தில், ஒருவன் நின்றான். தலையிலிருந்து நீர் சொட்டியது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. யாரும் திடுக்கிடவில்லை. ஊதுகுழல் எழுந்தது. ஓய்ந்தது.

மார்லிஸ் போய் அந்தக் கையைக் கோத்துக்கொண்டாள். ஏதோ கேட்டாள். அவன் குனிந்து பதில் சொன்னான். அவள் சிரித்தாள்.

முழங்கால் வரை மண்.

"மைலோ!"

நாற்காலிகளை மடக்கும் சத்தம். காபி வாசனை.

"மார்லிஸ்! அவன் சொன்னான்மா! பதில் சொன்னான்! நான் கேட்டேன்!"

அவர்கள் காபி வைத்திருந்த கூடத்தை நோக்கி நடந்தார்கள், இருநூறு பேரும், பேசிக்கொண்டு. கடைசியில் மார்லிஸும் அவனும், கைகோத்து, மெதுவாக. அவனுடைய இடது கால் வெள்ளைப் பனியில் நீளமாக ஒரு சிவப்புக் கோட்டை இழுத்துக்கொண்டே போனது.

இடுப்பு வரை.

கதவருகே அவன் மட்டும் நின்று திரும்பினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். நன்றாகக் கேட்டான். பிறகு உள்ளே இருந்தவர்களிடம் சொன்னான்:

"பதில் இல்ல. நடங்க."