கடைசிக் கை

விண்கலம் இறங்கும் நாளில் நிலாச் சுரங்கத்தில் வேலை கிடையாது. உறைதூக்கத்தில் வந்தவர்களைக் கண்ணாடிப் பெட்டியோடு வரிசையாகக் கிடத்துவார்கள். அவர்கள் விழிப்பதற்குள் பங்கு பிரித்தாக வேண்டும். ஏழு குடில்கள்; குடிலுக்கு ஒரு கால்பந்து அணி. தலைவர் எந்தப் பெட்டிமேல் கை வைக்கிறாரோ, அந்த ஆள் அந்தக் குடிலுக்கு. எழுப்பிக் கேட்கிற வழக்கமில்லை.

பின்கழுத்தில் பதித்திருக்கும் ஆட்டச்சில்லு அவரவர் திறனை அளந்து பெட்டிமேல் எண்ணாகக் காட்டும்; பெயரும் ஆடும் இடமும் பக்கத்திலேயே இருக்கும். போன வருடம் ஜெயித்த குடில் கடைசியில்தான் எடுக்கலாம். அதனால் ஏழாம் குடிலின் தலைவி பூங்காவனம் எல்லாருக்கும் பின்னால் நின்றாள். அவள் அணியில் கோல் அடிக்கிற ஆள் ஒப்பந்தம் முடிந்து பூமிக்குப் போய்விட்டான். இந்த வருடம் காற்று வேறு பற்றாக்குறை. ஆட்டத்தில் கடைசியாக வரும் குடிலை மூடிவிடுவார்களாம். மூடினால் புருஷன் ஒரு குடில், பெண்சாதி ஒரு குடில்.

"நம்பர் பெரிசா இருக்கிறவன எடு பூங்கா," என்றான் புருஷன் தசரதன். "எந்த எடத்துல ஆடுனா இன்னா?"

"வூட்ல அடுப்பே இல்ல. நல்லா கீதுன்னு நாலாவது பீரோ வாங்கினு வருவியா?"

"கடைசியா போற கடையில அடுப்பு மிஞ்சுமா இன்னா?"

வரிசையில் தொண்ணூற்றெட்டு என்று ஒரு எண் பளபளத்தது. சகாயம், கோல் அடிப்பவன். அந்தப் பக்கம் பார்க்கவே அவளுக்கு மனசில்லை.

முதலாம் குடிலின் தலைவர் செல்லதுரை நடந்தார். தொண்ணூற்றெட்டைத் தாண்டினார். நாற்பத்தொன்று காட்டிய ஒரு கோல்கீப்பர்மேல் கை வைத்தார்.

"அவராண்ட ஏற்கெனவே ரெண்டு கீப்பர் கீறாங்களே!" என்றாள் பூங்காவனம்.

"போன வருசம் நம்மளுக்குக் கீப்பராலதான் கப்பு கெடச்சுது," என்றான் தசரதன். "அத்தப் பாத்துட்டாரு."

அடுத்த தலைவர் எடுத்ததும் கீப்பர். அதற்கடுத்த இருவர் எடுத்ததும் கீப்பர்தான். வந்திருந்த கீப்பர்கள் தீர்ந்துபோன பிறகு, ஐந்தாம் குடில்காரர் நெட்டையாக இருந்த ஒரு சமையல்காரர்மேல் கை வைத்தார். ஆறாம் குடில்காரர் கை அகலமாக இருந்த ஒருவரை எடுத்தார்.

பூங்காவனம் நடக்கவில்லை, ஓடினாள். நிலாவில் ஓடினால் பாதி பறக்க வேண்டியிருக்கும். பறந்துபோய் சகாயத்தின் பெட்டிமேல் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். திறமையும் தேவையும் ஒரே பெட்டிக்குள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தசரதன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெட்டி திறந்தது. சகாயம் கண்ணைக் கசக்கினான்.

"எத்தினியாவதா எடுத்தீங்கக்கா?"

"ஏழாவதா. எங்க அதிர்ஷ்டம்யா!"

"ஃபர்ஸ்ட்டு யாரு?"

"டேனியலுன்னு ஒரு கீப்பரு."

"எதிர்வூட்டு டேனியலா?" அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"இங்கயே பெரிய நம்பரு உன்னுதுதான்யா!"

"எனக்குத் தெரியும்க்கா. டேனியலு ஃபர்ஸ்ட்டு, நான் கடைசின்னா எங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அவன் சொல்லி முடிக்கவில்லை. பூமியிலிருந்து அழைப்பு வந்திருப்பதாகப் பெட்டியின் விளக்கு சிமிட்டத் தொடங்கியது.