அப்பா அனுப்பிய படங்கள்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தலை சுற்றியது. காரணம், என் தம்பிப் பாப்பாவின் கன்னம்.

பிறந்தபோதே அவன் இடது கன்னத்தில் பெரிய சிவப்பு மச்சம் ஒன்று இருந்தது. வளர வளர அதுவும் புடைத்து, கண்ணுக்குக் கீழே வந்துவிட்டது. அது கண்ணை மூடிவிட்டால் பார்வை கெட்டுவிடும் என்று, மச்சம் வற்றுவதற்கு வாயில் விடும் சொட்டு மருந்து ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி தூரம் என்பதால், வாராவாரம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

படம் எடுப்பது அப்பாவின் பொறுப்பு. அவருக்குச் சொந்தமாக போட்டோ ஸ்டூடியோவே இருக்கிறதே!

அன்று டாக்டர் போனில் பேசினார்.

"படம் பார்த்தேன்மா. ரொம்ப நல்லா மங்கிட்டு வருது. இந்த வாரத்தோட மருந்தை நிறுத்திடலாம்."

அம்மா போனைப் பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள். "எனக்கு என்னமோ பெருசான மாதிரி இருக்கே, டாக்டர்..."

"தினமும் பார்த்தா அப்படித்தான் தோணும். படத்துல தெளிவா தெரியுதே!"

போனை வைத்த அம்மா என்னைக் கூப்பிட்டாள். "வாயாடி, நீ சொல்லு. கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

கூடித்தான் இருந்தது; கண்ணையும் கொஞ்சம் மறைக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் டாக்டர் அவ்வளவு படித்தவராயிற்றே! "தெரியலையேம்மா" என்றேன்.

"அப்போ என் கண்ணுதான் கெட்டுப்போச்சா?" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் பயம். மருந்தை நிறுத்தி, பாப்பாவின் கண் மூடிக்கொண்டால்?

அப்பா அனுப்பிய படம் அம்மாவின் போனிலும் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பாப்பாவின் தாடையைப் பிடித்திருப்பது என் கை. படம் எடுத்த அன்று பள்ளியில் பேனா கசிந்து, விரலெல்லாம் நீல மசி. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. படத்திலோ என் விரல்கள் பளிச்சென்று இருந்தன!

இது என்னடா கூத்து? கொஞ்ச நேரம் ஒன்றுமே பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

அப்பா கம்ப்யூட்டரில் யாரோ ஒரு மாமாவின் பருக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். அந்த மாமா பக்கத்திலேயே நின்றார். அவர் போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

"அப்பா, என் விரல்ல இருந்த மசி எங்கே?"

"அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"பாப்பா கன்னத்துல?"

அப்பாவின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

"கொஞ்சம்தான்டி. எந்த முகம் வந்தாலும் கை தானா போயிடுது. அதுவும் நம்ம பாப்பா... பார்க்க மனசு கேக்கலை."

"அதைப் பார்த்துட்டுத்தான் டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்றாருப்பா!"

"ஐயையோ!" அப்பா துள்ளி எழுந்ததில் நாற்காலி உருண்டு சுவரில் முட்டியது. "உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"நான் கூட நிக்கிறேன். வாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்பா ஒன்று விடாமல் சொன்னார். நான் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!" என்று அம்மா சிரித்தாள். பிறகுதான் திட்டினாள். நன்றாகவே திட்டினாள்.

உடனே புதிதாக ஒரு படத்தை நானே எடுத்தேன். பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது. அதைக்கூடத் துடைக்கவில்லை. அனுப்பியதுமே டாக்டர் கூப்பிட்டார்.

"மருந்தை நிறுத்தாதீங்க! நாளைக்கே தூக்கிட்டு வாங்க!"

மறுநாள் மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தார். கன்னம் மெல்ல மெல்ல வடிந்தது. சிவப்பு இன்னும் போகவில்லை. ஆனால் கண் முழுதாகத் திறந்துவிட்டது.

அந்தக் கண் திறந்ததும் முதலில் பார்த்தது தன்னைத்தான் என்று ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமையடிக்கிறார். உண்மையில் பாப்பா பார்த்தது என்னை. போகட்டும், அப்பா பாவம்!