நினைவுக்கல் முன்பு நின்ற இடம்

நெடுங்காலத்திற்கு முன் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அந்தப் பள்ளி இடிந்து விழுந்தது. உள்ளே இருந்த குழந்தைகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கட்டடத்தைக் கட்டியவர், அங்கேயே பிறகு எழுந்த புதுப் பள்ளியில் இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் கொள்ளுத்தாத்தா. அதனால் வகுப்பில் அவளுக்கு "இடிசுவர்" என்றே பெயர்.

அன்று நில அதிர்வு ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தார். இறந்த குழந்தைகளின் பெயர்களைத் தாங்கி நின்ற நினைவுக்கல்லின் அருகே, ஒரு சிறிய பெட்டியை வைத்தார்.

"நிலம் நமக்குத் தெரியாம எப்பவும் லேசா அதிர்ந்துக்கிட்டே இருக்கும். அதை இந்தக் கருவி அளக்கும். அதை வெச்சு, அன்னைக்கு இந்த இடம் எவ்வளவு பலமா ஆடியிருக்கும்னு கணிக்கலாம். யாரும் அசையாதீங்க."

"மூச்சு விடலாமா, மேடம்?" என்றான், வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த பையன்.

"தாராளமா விடு. குதிக்காம இரு."

சற்று நேரத்தில் ஆய்வாளரின் நெற்றி சுருங்கியது. "கீழே கெட்டிப் பாறை. இங்க அவ்வளவு ஆடியிருக்காதே! கட்டடத்துலதான் கோளாறு இருந்திருக்கணும்."

"கேட்டியா இடிசுவர்? மெஷினே சொல்லிடுச்சு!" என்றான் வாயாடி.

தலை குனிந்த சிறுமியின் கண்ணில், கல்லின் அடியில் இருந்த புதுச் சிமெண்ட் பட்டது.

"மேடம், இந்தக் கல்லு முன்னாடி இங்க இல்லை. இடிஞ்ச பள்ளி நின்ன இடத்துலதான் இருந்துச்சு. அங்க ஒவ்வொரு மழைக்கும் சாஞ்சுக்கிட்டே போச்சு. போன லீவுலதான் எங்கப்பா இங்க கொண்டுவந்து நட்டாரு. நான்தான் தண்ணி ஊத்தினேன்."

தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். "அட, ஆமாம்மா! எனக்கு மறந்தே போச்சு."

பழைய இடம், பள்ளத்தில் இருந்த ஒன்றாம் வகுப்பு அறையின் வாசல். அங்கே கருவியை வைத்தார்கள். ஆய்வாளர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"மேல இருக்கிற பாறையைவிட இந்த மண்ணு பல மடங்கு ஆடும். அன்னைக்கு யார் கட்டின சுவரும் இங்க நின்னிருக்காது, கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. சன்னல் வழியே அந்த அறைக்குள் இருந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைப் பார்த்தாள்.

"மறுபடியும் வந்தா?"

ஆய்வாளர் தலைமையாசிரியரிடம் திரும்பினார். "சார், இனிமே இந்த அறையில யாரையும் உட்கார வைக்காதீங்க."

வாயாடியின் முகம் வெளுத்தது. அவனுடைய தங்கை உள்ளேதான் இருந்தாள்.

சிறுமி உள்ளே போய் ஒரு பெஞ்சின் முனையைத் தூக்கினாள். "மரம் மாதிரி நிக்காதே. அந்தப் பக்கம் பிடி."

"எங்க கொண்டு போறது?"

"மேலதான். கல்லுகிட்ட."

குழந்தைகள் பின்னால் வர, இருவரும் மூச்சு வாங்க மேடேறினார்கள். கல்லின் அருகே பெஞ்சை இறக்கும்போது, வாயாடி முதன்முறையாக அவளுடைய பெயரைச் சொல்லி அழைத்தான்.

"மெதுவா வை. விரல் நசுங்கிடப் போகுது."