வீட்டைப் பார்க்க வருகிறார்கள்

அந்தப் படத்தை யமிலே தொடவே இல்லை.

மற்ற படங்களைத் தொட்டிருந்தாள். காசாளர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் முகநூலைத் துருவுவார்கள். பிறகு வீட்டுக்கே ஒருவரை அனுப்பி, யாரோடு வசிக்கிறாய் என்று கேட்டு, அறை அறையாகப் படம் பிடித்துப் போவார்கள். கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரில் வேலை தேடும் எல்லாருக்கும் இது தெரியும். தம்பி வில்மார் பைக் திருடிச் சிறைக்குப் போய் வந்தவன். இரண்டு நல்ல வேலைகள் அவனால்தான் கைநழுவின. இதுவும் போனால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

படங்களை மொத்தமாக நீக்கினாலும் சந்தேகப்படுவார்கள். அதனால் அவன் உருவத்தின் மேல் மட்டும் விரலைத் தேய்த்தாள். போனில் அதற்கொரு வசதி இருந்தது. தேய்த்த இடத்தில் பின்னாலிருக்கும் சுவரோ மலையோ தானாக வந்து நிரம்பிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். சிறுமி யமிலேயின் மடியில் கைக்குழந்தையாக வில்மார். குழந்தையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இன்று காலை அந்தப் படத்தில் குழந்தை இல்லை. சிறுமி இரண்டு கைகளையும் வளைத்து, எதையோ தாங்கியபடி, குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மடி நிறையப் பாவாடையின் பூக்கள்.

"வில்மார், என் போனை எடுத்தியாடா?"

"அதை எடுத்து நான் என்ன பண்ண? அதுலதான் நான் இல்லையே." சமையலறையில் அவன் கல்லில் அரேப்பா சோள ரொட்டியைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. "ஒரு காதையாவது விட்டு வச்சியா அக்கா?"

"வேலை கிடைக்கட்டும். எல்லாத்தையும் திரும்பப் போட்டுடறேன்."

"போடும்போது மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடு."

சிரித்துவிட்டாள். ஆனால் போனைத் திறக்க அவளைத் தவிர அவனுக்குத்தான் தெரியும். அவன் முன்பும் சிரித்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறான்.

குப்பையைக் கொட்டக் கீழே இறங்கியபோது முதல் மாடி ஒமைரா கதவைத் திறந்தாள்.

"காலங்காத்தால தனியா யார்கிட்டடி பேசிட்டிருந்தே?"

"வில்மார்கிட்டதான்."

"யாரு அது? புது ஆளா? எங்கிட்ட சொல்லவே இல்ல."

ஈர ஷூவோடு படியேறுகிறான் என்று தினமும் அவனைத் திட்டுகிறவள் இவள். யாராவது விசாரிக்க வந்தால், தான் தனியாக இருப்பதாகச் சொல்லும்படி யமிலேதான் இவளிடம் கேட்டிருந்தாள். ஒமைரா நடிப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டாள் போல.

"ஒமைரா, அவங்க இன்னும் வரல. இப்பவே ஆரம்பிக்காதீங்க."

ஒமைரா கதவைப் பாதி சாத்தினாள். நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மதியத்துக்குப் பிறகு மூடுபனி பள்ளத்திலிருந்து தெரு தெருவாக ஏறி வந்து, ஜன்னல் கம்பிகளை நனைத்து, ஈரத் துணியும் டீசல் புகையும் கலந்த ஒரு வாடையைக் கூடத்தில் விட்டது. வில்மார் நீல ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"வீட்டைப் பார்க்க வர்ற அந்தம்மா போனதும் கூப்பிடு. சீஸ் ரொட்டி வாங்கிட்டு வர்றேன்."

அவன் பொருள்களை ஒளித்துவைக்க அவன் அறைக்குப் போனாள். ஒளிக்க எதுவும் இல்லை. கட்டில் இல்லை. சவரக் கத்தி இல்லை. அவனே எல்லாவற்றையும் நகர்த்தியிருப்பான் என்று நினைத்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கட்டில் கிடந்த இடத்தில் தூசி. ஒரு நாள் தூசி அல்ல. வருடக்கணக்கான தூசி.

அழைப்பு மணி அடித்தது.

கம்பெனியிலிருந்து வந்தவள் பெயர் லிஸ்பெத். மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, கொடுத்த கறுப்புக் காப்பியைச் சத்தமில்லாமல் குடித்தாள்.

"தனியாத்தான் இருக்கீங்களா?"

"ஆமா."

"கூடப் பிறந்தவங்க?"

"இல்ல."

"எங்களுக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. உங்க முகநூல் பக்கம் ரொம்பச் சுத்தம்." வில்மாரின் அறை வாசலில் நின்று படம் எடுத்தாள். "இந்த அறையை வாடகைக்கு விடலாமே. எவ்வளவு காலமா சும்மா கிடக்கு!"

அவள் போனதும் யமிலே போனை எடுத்தாள். வில்மார் என்ற பெயர் அதில் இல்லை. எண்ணை நினைவிலிருந்து அழுத்தினாள். அப்படியொரு எண் புழக்கத்தில் இல்லை என்றது ஒரு குரல். மறுபடி அழுத்தினாள். அதே குரல்.

கதவு தட்டப்பட்டது.

கதவிடுக்கின் வழியே சூடான சீஸ் ரொட்டி மணத்தது. மூச்சு திரும்பியது.

"வில்மார்?"

தட்டல் மட்டும்.

கதவின் துளையில் கண்ணை வைத்தாள். நீல ஜாக்கெட். கையில் காகிதப் பை. ஜாக்கெட்டின் கழுத்துக்கு மேலே படிக்கட்டின் பச்சைச் சுவர். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், மின்மீட்டரின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. லிஸ்பெத்.

"ஒரே ஒரு விஷயம் மேடம். கிளம்பிட்டேன், ஆனா முடிவை இப்பவே அனுப்பச் சொல்றாங்க. வேலை உங்களுக்குத்தான்." நிறுத்தினாள். "யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கே. வீட்டு ஆளா?"

தட்டல் நின்றது.

வெளியே அவன் அசையாமல் நின்றான். காதில்லாமல் கேட்டுக்கொண்டு.

"மேடம்?"

யமிலே கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு யாரும் இல்ல."

"வாழ்த்துகள் மேடம்."

பச்சைச் சுவர் கீழே இறங்கியது. மெதுவாக. தேய்த்துத் தேய்த்து. காலர். முதல் பொத்தான். அடுத்தது. தோள்கள். பை விழுந்தது, ரொட்டிகள் படிகளில் உருண்டன. இடுப்பு. முழங்கால். ஷூக்கள்.

கை மட்டும் நின்றது. மூடிய விரல்களோடு, காற்றில்.

அது மறுபடி தட்டத் தொடங்கியது.