இரண்டு விரல் நடந்த தூரம்

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே உலகம்மாள் அழுதுகொண்டுதான் இறங்கினாள். பேட்டையிலிருந்து நெல்லை டவுண் வருகிற வரைக்கும் அடக்கி வைத்திருந்து, சரியாகத் தம்பி வீட்டு வாசலில் மடையைத் திறப்பது எல்லோருக்கும் வாய்க்கிற சாமர்த்தியம் இல்லை. காலை ஏழரை மணி. உள்ளே சண்முகசுந்தரி பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மைக்குத் தலைத்திவசம் முடிஞ்சு முழுசா ஒரு மாசம் ஆகல... அதுக்குள்ள புருசனும் பொண்டாட்டியும் பெட்டியக் கெட்டியாச்சு! அதுவும் எங்க? குத்தாலமா, திருச்செந்தூரா? வியட்நாமாம்லா, வியட்நாம்!"

"உள்ள வாங்க மதினி. காப்பி போடுதேன்."

"ஒங் காப்பிக்கா நான் வந்தேன்? போயிட்டு வாங்கன்னு அம்மை சொன்னாளாம்! பதினோரு வருசம் வாய் பேச முடியாமக் கெடந்தவ, ஒங்கிட்ட மட்டும் வியட்நாமுக்கு வழி சொன்னாளாக்கும்?"

"வியட்நாம்னு சொல்லல மதினி... தூரமா எங்கயாச்சும்னுதான்..."

"போதும்ட்டி! ஊர் சுத்த ஆசைன்னா ஆசைன்னு சொல்லு. செத்தவ பேரை எதுக்கு இழுக்க? எங்கம்மை சொல்லாததெல்லாம் சொன்னான்னு சொல்லியே நீ இந்த வீட்டுல காலத்த ஓட்டிட்டே!"

சுந்தரியின் கை புளியோதரைப் பொட்டலத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் விழுங்கியிருப்பாள். இதை விழுங்க முடியவில்லை.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது சுந்தரிக்கு நாற்பத்தொரு வயது. மிச்சமிருந்தது இடது கையும் இரண்டு கண்களும். அவற்றைக் கொண்டே மாமியாரும் மருமகளும் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு, திருப்பிப் படுக்க வை. நெற்றியைத் தொட்டால் திருநீறு. நெற்றியைச் சுருக்கினால், வந்திருக்கிற ஆள் எப்போது கிளம்புவார் என்று கேள்வி. பதினோரு வருசத்தில் சுந்தரி ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. முக்கூடலில் சொந்தத் தம்பி மகள் கல்யாணம் நடந்தபோது, தாலி கட்டுவதைப் போனில்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மாமியாருக்குக் கஞ்சி புகட்டினாள்.

கண் மூடுவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த அம்மாள் இடது கையின் இரண்டு விரல்களை ஒட்டி வைத்து, போர்வை மேல் பைய நடக்க விட்டாள். கட்டில் விளிம்பு வரை நடந்த விரல்கள், பிறகு சன்னலைக் காட்டி, அதற்கும் அப்பால் காட்டின. அப்புறம் அந்தக் கை சுந்தரியின் கன்னத்தைத் தடவியது. நீயும் அவனும் தூரமாகப் போய்விட்டு வாருங்கள். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

"ஏங்க... நீங்களாவது சொல்லுங்களேன்" என்று சுந்தரி புருசனைப் பார்த்தாள்.

தாணுமாலையன் ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் பத்துச் சேலையைப் பிரிக்கச் சொன்னாலும் பத்துப் பேருக்கும் பதில் சொல்லும் நாக்கு அவருடையது. அந்த நாக்கு அன்று காலை பெட்டிப் பூட்டைச் சரிபார்ப்பதில் மும்முரமாகிவிட்டது.

"டிக்கெட்டுக்குக் காசு திரும்பக் கெடைக்காதுக்கா" என்றார் கடைசியில்.

பெண்டாட்டிக்காகப் பரிந்து அவர் பேசியது அவ்வளவுதான்!

விமானம் ஏற, வண்டி கொச்சியைப் பார்த்துப் போயிற்று. செங்கோட்டை தாண்டுகிற வரை வாய் திறக்காதவர், மலை ஏறியதும் மெல்லக் கேட்டார்.

"ஏட்டி... அம்மை நெசமாவே அப்படிச் சொன்னாளா? இல்ல, ஒனக்குத்தான் ஆசையா? ஆசைன்னாலும் தப்பில்ல. சொல்லிரு."

கேட்டதுகூடப் பெரிதில்லை. 'கடைசி விலை என்ன, சொல்லிரு' என்கிற அதே குரலில் கேட்டார் பாருங்கள், அதுதான் சுந்தரியின் நெஞ்சைக் கிழித்தது. முப்பத்திரண்டு வருசம் கூட வாழ்ந்தவர்! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கே வெளங்குதப்போ வெளங்கட்டும்" என்றாள்.

சுற்றுலாக் குழுவோடு ஏன் போகவில்லை என்றால், அதுவும் தாணுமாலையன் குணம்தான். சுற்றுலாக்காரரிடம் மூன்று தடவை விலையைக் குறைத்தார். நாலாவது தடவை அந்த மனிதர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். "நாமளே போவோம்ட்டி. வாய் இருக்கவன் வங்காளம் வரைக்கும் போவான்" என்று மார்தட்டினார். வியட்நாம் வங்காளத்தையும் தாண்டி இருக்கிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

சைகோனில் இறங்கிய அரை மணி நேரத்தில் விசயம் தெரிந்துவிட்டது. டாக்சிக்காரரிடம், "பாத்துப் போட்டுச் சொல்லும் வே" என்றார். அவர் சிரித்தார். இவர் இன்னும் உரக்கச் சொன்னார். அவர் இன்னும் நன்றாகச் சிரித்தார். கைமுதல் அத்தனையையும் நாக்கில் போட்டு வைத்திருந்த மனிதர், அந்த ஊரில் ஒரே பகலில் திவாலானார்.

சாப்பாட்டுக் கடையில் போனை எடுத்தார். மகன் பெங்களூரிலிருந்து மொழிபெயர்க்கிற வசதியெல்லாம் ஏற்றிக் கொடுத்திருந்தான். "மீனு, நண்டு கெடக்காத சோறு இருக்கா வே?" என்று அதனிடம் கேட்டார். நெல்லைத் தமிழைக் கேட்டு மிரண்டுபோன அந்தப் போன் என்னத்தைச் சொல்லித் தொலைத்ததோ, கடைக்காரர் உள்ளே போய் உயிருள்ள நண்டு ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்!

"சிவசிவா!" என்று தாணுமாலையன் நாற்காலியோடு பின்னால் போனார்.

சுந்தரிக்குச் சிரிப்பு முட்டியது. இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், அந்த நண்டைப் பார்த்ததும் தோற்றாள். எழுந்து கடைக்காரரின் மனைவியிடம் போனாள். கூடையிலிருந்த கீரையைத் தொட்டுக் காட்டினாள். நண்டைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டு, மேலே வானத்தைக் காட்டி விரலால் ஒரு முழு வட்டம் போட்டாள். அன்று பௌர்ணமி.

"சாய்! சாய்!" என்று கத்தினாள் அந்தப் பெண். முகமெல்லாம் பல். அந்த ஊர்ப் பேச்சில் 'சாய்' என்றால் சைவம் என்பதும், அங்கேயும் பௌர்ணமிக்குக் கறி மீன் தொடாதவர்கள் ஏராளம் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அவள் சுந்தரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு கோயிலை ஒட்டியிருந்த கடையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத்தான் திரும்பினாள். வாழைப்பூவில் ஒன்று, தாமரைத்தண்டில் ஒன்று, காளானில் ஒன்று... தாணுமாலையன் மூன்றாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"என்னட்டி சொன்னே அவகிட்ட?"

"விரதம்னு சொன்னேன்."

"எந்தப் பாசையில?"

சுந்தரி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் காளானை வைத்தாள். தெரியாதவர் கேட்டால் சொல்லலாம். தெரிந்தும் நம்பாதவர் கேட்டால்?

அன்றிலிருந்து பயணத்துக்கு அவள்தான் தலைவி. ஆற்று வெள்ளம் போல மோட்டார் சைக்கிள் பாய்கிற சாலையில் தாணுமாலையன் கால் மணி நேரம் நின்றும் அடியெடுத்து வைக்க முடியவில்லை. சுந்தரி அவர் கையைப் பிடித்தாள். மற்றக் கையை உயர்த்தினாள். ஓடாமல், நிற்காமல், பைய நடந்தாள். வண்டிகள் தாமாக ஒதுங்கின. அந்தக் கரைக்குப் போன பிறகும் அவர் கையை விடவில்லை. டவுணில் நாலு பேர் பார்க்க அவள் கையை ஒருநாள் தொட்டிருப்பாரா அந்த மனிதர்!

துணிச் சந்தையில் ஒரு பட்டுத் துண்டுக்கு அவள் பேரம் பேசியதுதான் வேடிக்கை. ஒரு வார்த்தை இல்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், விற்றவளின் கண்ணையே பார்த்தாள். விற்றவளும் இவளைப் பார்த்தாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். விலை பாதிக்கு வந்தது. "நாப்பது வருசமா நான் கத்தித் தீக்கிறத நீ மூச்சு விட்டே முடிச்சிட்டியே!" என்று வாயைப் பிளந்தார் ஜவுளிக்கடை முதலாளி.

பென் ட்ரே என்று தென்னையும் ஆறுமாக ஓர் ஊர். அங்கே லான் என்ற பெண்ணின் வீட்டில் மூன்று நாள் தங்க இடம் கிடைத்தது. இரண்டாம் நாள் காலை, சுந்தரி முகம் கழுவிக்கொண்டிருக்கையில் உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மரச்சட்டத்தில் இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடியும் இரண்டு.

ஈரக் கையோடு அறை வாசலுக்கு ஓடினாள்.

கட்டிலில் லானின் தாய். ஒரு பக்கம் விழுந்த உடம்பு, கோணிய வாய். லான் டம்ளரை நீட்டுகிறாள். கிழவி தலையைத் திருப்பிக்கொள்கிறாள். கஞ்சியை நீட்டுகிறாள், அதற்கும் இல்லை. மின்விசிறியை வேகமாகச் சுழல விடுகிறாள். கிழவியின் கண்ணில் நீர் வழிகிறது. லானும் அழுதுவிட்டாள்.

சுந்தரி கட்டிலருகே மண்டியிட்டாள். அந்தக் கண்கள் எங்கே போகின்றன என்று பார்த்தாள். சுவர். உடனே, எட்டாத அளவுக்குத் தலைக்குப் பின்னால். மறுபடி சுவர். தலைக்குப் பின்னால் இருந்தது வாசல். வாசலுக்கு அப்பால் ஆறு. சுவரில் புது விசிறி மாட்டியிருந்தார்கள். காற்று முகத்தில் படட்டுமே என்று கட்டிலை அதன் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பாவம், நல்லதைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

"அவ்வொளுக்குத் தண்ணி வேண்டாம்" என்றாள் சுந்தரி, தமிழிலேயே. "ஆறு வேணும்."

வாசலில் வந்து நின்ற புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "நின்னு பாத்துக்கிட்டே இருக்கீகளே! அந்தத் தலைமாட்டப் பிடிங்க!"

இருவரும் லானுமாகக் கட்டிலைத் திருப்பினார்கள். ஆற்றில் தேங்காய் ஏற்றிய படகொன்று போய்க்கொண்டிருந்தது. கிழவி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். கோணிய வாய் இன்னும் கோணிற்று. அது சிரிப்பு. இடது கையைத் தூக்கிச் சுந்தரியின் கன்னத்தைத் தடவினாள்.

லான் கட்டிக்கொண்டு அழுதாள். சுந்தரியும் அழுதாள். திரும்பினால் தாணுமாலையன் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பிக்கொண்டிருக்கிறார்!

"அம்மை கட்டில நீ ரத வீதியப் பாக்கத் திருப்பிப் போட்டியே... வழிய அடைக்குதுன்னு நான் கத்துனேனே சுந்தரி... அது அவ கேட்டதா?"

"தேர் பாக்கணும்னு கேட்டாவ."

"அந்த ரெண்டு விரலு... நானும் பாத்தேன்ட்டி. கை நடுங்குதுன்னு டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிக் குடுத்தேன்! பெத்த பிள்ளைக்கு வெளங்கல... ஒனக்கு வெளங்கிருக்கு. ஒன்னப் போயி..." அவர் கும்பிடக் கையைத் தூக்கினார்.

சுந்தரி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "போதும், விடுங்க. லான் பயப்படுதா பாருங்க" என்றாள். நெஞ்சில் செங்கோட்டையிலிருந்து சுமந்து வந்தது ஆற்றோடு போயிற்று. மிச்சமிருந்த நாட்களில் அவர்கள் படகில் போனார்கள், தென்னந்தோப்பில் சைக்கிள் ஓட்டினார்கள். ஓட்டியது அவள், பின்னால் உட்கார்ந்து வழி சொன்னது அவர். எல்லா வழியும் தப்பு.

ஊர் திரும்பியதும் தாணுமாலையன் வண்டியை வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. "நேரே பேட்டைக்குப் போ வே" என்றார்.

உலகம்மாள் 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. முறத்தைக் கீழே வைக்காமல் நின்றாள். தம்பி மூச்சு விடாமல் சொன்னார். நண்டைச் சொன்னார், பௌர்ணமியைச் சொன்னார், கட்டிலைத் திருப்பியதைச் சொன்னார், அம்மையின் இரண்டு விரலையும் தன் கையாலேயே நடத்திக் காட்டினார்.

"அம்மை சொன்னது நெசந்தாங்க்கா. சொல்லத் தெரியாம இருந்தது அவ இல்ல. கேக்கத் தெரியாம இருந்தது நாம."

உலகம்மாள் முறத்திலிருந்த உளுந்தைக் கிளறினாள். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வந்தேன்... கட்டில்கிட்ட உக்காந்து அழுதுட்டுப் போனேன். எனக்கு ஒண்ணு... எம் பேர்ல ஒண்ணு சொல்லிருப்பாளாட்டி எங்கம்மை?"

பதினோரு வருசக் கோபத்துக்கு அடியில் கிடந்தது இந்த ஒரு கேள்விதான் என்று சுந்தரிக்கு அப்போதுதான் விளங்கியது. கிட்டே போனாள். நாத்தனாரின் காது மடலைப் பிடித்து மெதுவாக இரண்டு தடவை இழுத்தாள்.

"இதான் மதினி ஒங்க பேரு. காது குத்தையில ஆசாரி கையக் கடிச்சு வச்சீகளாமே... நல்லா இருக்கையில நூறு தடவ சொல்லிச் சிரிப்பாவ. வெள்ளிக்கிழம விடிஞ்சா போதும், காதத் தொட்டு வாசலக் காட்டுவாவ. 'எம் மக வந்தாச்சா?' நீங்க வந்து உக்காந்தப்பறமும் காதத் தொட்டுக்கிட்டேதான் இருப்பாவ. நான் சொல்ல வந்தா, 'எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீ யாரு'ன்னு ஏசுனீக... நான் வாய மூடிக்கிட்டேன்."

உலகம்மாள் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"காது அரிக்குதுன்னுல்லா நெனச்சேன்! வாரா வாரம் சூடு காட்டித் தேங்கா எண்ண விட்டேனேட்டி அந்தக் காதுல! பேரு சொல்லிக் கூப்பிட்டவளுக்கு எண்ணய விட்டிருக்கேனே, பாவி!"

"அதுக்கு அத்தை சிரிப்பாவ மதினி. நீங்க எண்ண விடுதப்போதான் நல்லாச் சிரிப்பாவ."

"சிரிச்சா... ஆமா, சிரிச்சா..." முறம் விழுந்தது. உளுந்தம்பருப்பு வீடெல்லாம் சிதறியது. உலகம்மாள் சுந்தரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுகை நடுவிலேயே எண்ணெய் ஞாபகம் வந்து சிரித்தாள், மறுபடி அழுதாள். "மன்னிச்சிருட்டி... ஒன் வாயில எங்கம்மை இருந்திருக்கா, நான் அந்த வாய அடச்சிருக்கேனே..."

"பருப்புல உக்காந்திருக்கீக, எந்திரிங்க மதினி!"

மூவருமாகப் பருப்பைப் பொறுக்கினார்கள். பொறுக்கி முடித்ததும், அவர்கள் பென் ட்ரேயிலிருந்து கொண்டுவந்த தேங்காய் மிட்டாயை உலகம்மாள் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு வெட்கத்தோடு இடது கையை நீட்டி, விரல்களைத் தரையில் ஊன்றி நடக்க விட்டாள். இரண்டு விரல் இல்லை, மூன்று. மூன்றும் ஒட்டிக்கொண்டு நடந்து, வாசலைக் காட்டி, அதற்கும் அப்பால் காட்டின.

சுந்தரி சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினோரு வருசம் வாங்கிய ஏச்சுக்கு இவ்வளவுகூட வட்டி வாங்கிக்கொள்ளாவிட்டால் எப்படி?

"என்ன மதினி இது? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே... வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

"வெளங்காமலா இருக்கு ஒனக்கு, கள்ளி!" முதுகில் ஓர் அடி விழுந்தது. "அடுத்த தடவ நானும் வாரேம்ட்டி!"