சிரிக்காமல் ஒளிந்தது

டிவி திரையில் இரண்டாவது புள்ளியைச் சமையலறையில்தான் விட்டிருந்தார். இப்போது அது மாடிப்படியில் நின்றது.

கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மாடிப்படியேதான். டிவியில் இணைத்து ஆடும் பெட்டிகள் வீடுகளுக்கு முதன்முதலாக வந்த காலத்தில், கல்யாணமான புதிதில் ஆசையாக வாங்கிய பெட்டி இது. சத்தம் கிடையாது, பொம்மைகள் கிடையாது. வெறும் வெள்ளைப் புள்ளிகள். வீடு வரைந்த பிளாஸ்டிக் தாளைத் திரையில் நாம்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் கண்ணை மூட, மற்றவர் ஒயரில் கோத்த கைக்குமிழைத் திருகித் தன் புள்ளியைக் கறுப்பாக வரைந்த அலமாரிக்கோ கட்டிலுக்கோ பின்னால் ஒளித்துவைப்பார்; மூடியவர் தன் புள்ளியை ஓட்டித் தேடுவார். பெட்டிக்குத் தானாக ஆடத் தெரியாது. இரண்டு ஆள் வேண்டும்.

இரண்டாவது ஆள், அவர் மனைவி, போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அவளுக்கு ஒளியவே வராது. இவர் புள்ளி பக்கத்தில் நெருங்கினாலே களுக்கென்று சிரித்து மாட்டிக்கொள்வாள்.

மத்தியானம்கூட மகள் போனில் சத்தம் போட்டாள். "அப்பா, ரெண்டு பேர் ஆடுறத ஒத்தையா உக்காந்து ஆடினா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"பாக்க இங்க யாரும்மா இருக்கா?"

வெளியே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. டிவியின் சூட்டில் பழைய தூசி கருகும் வாசனை. அதற்கு அடியில், ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டிவைத்தது போன்ற வீச்சம் அவள் நாற்காலிப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது குமிழை அதில்தான் வைத்திருந்தார். வைத்தபடியே கிடந்தது. அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமா, ஆசையா? இரண்டும்தான்.

"வந்துட்டியா?" என்றவர், கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ம்... ஒளிஞ்சுக்கோ."

நாற்காலியில் குமிழ் மெதுவாகத் திரும்பும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். தன் புள்ளியை ஓட்டினார். அலமாரி. கட்டில். மாடிப்படி. சிரிப்பில்லை. தாளைத் திரையிலிருந்து உரித்தார். அவருடைய ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்தது; மற்றது திரையிலேயே இல்லை. முதுகுக்குப் பின்னால் தரைப்பலகை முனகியது.

அவளால் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"நீ அவ இல்ல," என்றார். "அவளா இருந்தா சிரிச்சிருப்பா."

மழைச் சத்தம். பிறகு, பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. கரகரப்பாக. தப்பாக. இன்னொரு முறை. கொஞ்சம் தேவலை. மூன்றாவது முறை, அச்சு அசல் அவள் சிரிப்பு.

ஓடியிருக்கலாம். மனுஷன் அழுதபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சில்லென்ற இரண்டு உள்ளங்கைகள் அவர் கண்களைப் பொத்தின. மூன்றாவது உள்ளங்கை அவர் கையைத் தேடிப் பிடித்தது. அவரும் இறுகப் பிடித்துக்கொண்டார்.