மிஸ்திரி கை வைக்காத நாள்

அன்று வங்காளத்துத் துறைமுகப் பேட்டையான கிடர்பூரில் ஒரு ஸ்பானர்கூட அசையவில்லை.

1998, செப்டம்பர் பதினேழு. விஸ்வகர்மா பூஜை. நம் ஆயுத பூஜை போலத்தான். ஆனால் அந்தத் தெரு மெக்கானிக்குகள் அதில் ரொம்பக் கறார். சுத்தியல், ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றையும் துடைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் காலைவரை எந்த மிஸ்திரியும் வேலையில் கை வைக்கக் கூடாது. வைத்தால் வருஷம் முழுக்கக் கையில் காயம்தான் என்பார்கள்.

தேவிப்ரியாவின் அப்பா மாரியப்பன் லாரிப் பட்டை மிஸ்திரி. வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. நாமக்கல்லிலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் பூஜைக் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் பட்டறை வங்காளி மாமா பிமல் காக்கு, மாடியில் பட்டம் விடும் பையன்களுக்குக் கீழேயிருந்தே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு ஒரு பச்சை வேன் நொண்டிக்கொண்டு வந்து நின்றது. பின்சக்கரத்தில் ரப்பர் கருகும் வாடை.

வேனிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா குதித்தார். பின்னாலேயே அவர் கணவர், தேவிப்ரியா வயதில் ஒரு பெண், ஆறு வயதுப் பையன். கணவர் ஒரு காகிதத்தை நீட்டிப் படபடவென்று பேசினார். எல்லோரும் தேவிப்ரியாவைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் இங்கிலீஷ் படிப்பவள் அவள்தான்.

வேனில் வந்த பெண்ணின் பெயர் லேனா. இருவரும் தெரிந்த இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள்.

"அப்பா, இவங்க ஜெர்மனியிலருந்து இந்த வேன்லயே வர்றாங்களாம்! துருக்கி, ஈரான், பாகிஸ்தான் எல்லாம் தாண்டி! இங்கிருந்து மலேசியாவுக்குக் கப்பல்ல வேன ஏத்தணுமாம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள துறைமுகத்து டாக் கேட்டுக்குள்ள போயிடணும். இல்லேன்னா அடுத்த கப்பல் ஒரு மாசம் கழிச்சுத்தான். நாலு நாள்ல விசா முடியுதாம்."

அப்பா குனிந்து பார்த்தார். "சென்டர் போல்ட் ஒடஞ்சிருக்குது கண்ணு. பட்டையெல்லாம் ஒண்ணாப் புடிச்சிருக்கறதே அந்த ஒத்தப் போல்ட்தான். அச்சு நகுந்து டயர் பாடியில ஒரசுது. இன்னும் கொஞ்ச தூரம் போனா டயர் வெடிச்சிரும்."

"சரி பண்ணிடலாமா?"

"நாளைக்குக் காலையில ஒரு மணி நேர வேலை. இன்னைக்கா? ஆகாது சாமி."

தமிழ் புரிந்துகொள்ளும் பிமல் காக்கு வங்காள மொழியில் சொன்னார்: "அரே, இந்த ஊரில் எந்த மிஸ்திரியும் இன்றைக்குத் தொடமாட்டான்."

தேவிப்ரியா அதை இங்கிலீஷில் சொன்னதும் லேனா கீழே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஆனால் மூக்கு சிவந்துவிட்டது.

தேவிப்ரியா வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அது வண்டியே இல்லை, வீடு! மடக்குக் கட்டில்கள், அடுப்பு, கயிற்றில் காயும் ஜட்டிகள், அலமாரியில் பள்ளிப் புத்தகங்கள். கதவோரம் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அதற்குள் ஸ்பானர்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

"அப்பா, இவங்க ஸ்பானர் பூஜையில இல்லையே?"

"அதுக்கு? கை என்னுதுதானே? இன்னைக்குக் கைக்கு லீவு."

"வாய்க்கு?"

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். பிமல் காக்கு யோசித்தார். "சாமி வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை," என்றார்.

"அப்ப நீங்க சொல்லுங்கப்பா. நான் இங்கிலீஷ்ல சொல்றேன். அவங்களே செய்யட்டும்."

அப்பா அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் ஹெல்கா. அவர் ஏற்கெனவே கூந்தலைத் துணியால் கட்டிக்கொண்டு, ஜாக்கியோடு வேனுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தார்!

"ஏய், அங்க இல்ல! அச்சுக்கு அடியில!" என்று கத்தினார் அப்பா. வேலை தொடங்கிவிட்டது.

அப்பா ஓர் எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் நட்டு இறுகிக்கொண்டபோது கை தானாகவே நீண்டது.

"மாரியப்பன்! கை!" என்று பிமல் காக்கு அதட்டினார். அப்பா கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஹெல்கா கையை நீட்டி ஓர் எண்ணைச் சொன்னால் போதும், லேனா அந்த ஸ்பானரைக் கையில் வைப்பாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. சின்னப் பையன் டிம், கழற்றிய நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் வரிசையாக அடுக்கினான். அவன் அப்பா மார்ட்டின், எல்லோருக்குமாக உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கொண்டுவந்த தேவிப்ரியாவின் அம்மா அருக்காணி அப்படியே நின்றுவிட்டார். "ஏனுங்க, அந்தண்ணன் சமைக்கிறாரு, அந்தக்கா வண்டிக்கு அடியில. நல்லாப் பாத்துக்குங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன்," என்றார் அப்பா, ஹெல்காவின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது வேலை தெரிஞ்ச கை."

பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கும் யூ போல்ட்டை ஹெல்கா தளர்த்தப் போனார். அப்பா துள்ளி எழுந்தார்.

"நிறுத்து! பட்டையை இடுக்கி போட்டு நெருக்கிப் புடிக்காமக் கழட்டுனா, வெடுக்குனு விரிஞ்சிரும்! வெரல் போயிரும்!"

அப்பாவின் இடது சுண்டுவிரலுக்கு நுனி கிடையாது. அதை எடுத்துக்கொண்டதும் ஒரு பட்டைதான்.

"ஸ்டாப்! ஸ்டாப்!" என்று தேவிப்ரியா கத்தினாள். அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. ஹெல்கா அடியிலிருந்து "என்ன?" என்றார். ஸ்பானர் இன்னும் நட்டின்மேல்தான் இருந்தது.

அறுந்து விழுந்த பட்டம் ஒன்று ஓரமாகக் கிடந்தது. தேவிப்ரியா ஓடிப்போய் எடுத்துக் காகிதத்தைக் கிழித்தாள். உள்ளே வில்லாக வளைந்த மூங்கில் குச்சி. அதை ஹெல்காவின் முகத்துக்கு நேரே காட்டி, வளைத்துப் பிடித்திருந்த நூலை அறுத்தாள்.

சட்டென்று குச்சி விரிந்து அவள் மூக்கிலேயே அடித்தது.

"ஆவ்!"

டிம் விழுந்து விழுந்து சிரித்தான். ஹெல்கா சிரிக்கவில்லை. பட்டையைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், மெதுவாக ஸ்பானரை எடுத்தார். அப்பா சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார். ஹெல்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"நெருக்கிப் பிடிக்க ஏதாவது?" என்று தேவிப்ரியா கைகளை அழுத்திக் காட்டிக் கேட்டாள்.

லேனா வேனுக்குள் ஓடினாள். அவர்கள் சாப்பிடும் மேசையைச் சுவரோடு பிடித்திருந்த இரண்டு திருகு இடுக்கிகளைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"சின்னதுதான். ரெண்டையும் போட்டாத் தாங்கும்," என்றார் அப்பா.

தாங்கியது. உடைந்த போல்ட் வெளியே வந்தது. புதுப் போல்ட்டை அருக்காணி பட்டறைக்குள்ளிருந்து எடுத்துவந்து கொடுத்தார். பிமல் காக்கு வாய் திறக்குமுன், "போல்ட் ஆயுதமில்ல, சாமான்! நானும் மிஸ்திரியில்ல!" என்றார்.

மணி ஐந்தானது. கடைசியாக யூ போல்ட்டை இறுக்க வேண்டும். ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி ஹெல்காவும் மார்ட்டினும் அழுத்தினார்கள்.

"பத்தாது. இன்னும் கால் சுத்து," என்றார் அப்பா.

தேவிப்ரியா ஓடிப்போய்க் குழாயைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"ஏய் பெண்ணே! நீயும் தொடக் கூடாது!" என்றார் பிமல் காக்கு.

"நான் என்ன மிஸ்திரியா, காக்கு?"

"காலையிலிருந்து இவர்களிடம் வேலை வாங்கியது யார்? தள்ளி நில்லு, மிஸ்திரி!"

தேவிப்ரியாவுக்குக் காது சூடாகிவிட்டது. தள்ளி நின்றாள். நின்ற இடத்திலிருந்தே, "லேனா, நீயும் பிடி! டிம், அப்பா தோள்மேல ஏறு!" என்று உத்தரவு போட்டாள்.

நாலு பேரும் தொங்கினார்கள். குழாய் முனகியது. கால் சுற்று நகர்ந்தது.

"போதும்!" என்றார் அப்பா.

கேட்டுக்கு வழிகாட்ட அப்பாவும் தேவிப்ரியாவும் வேனிலேயே ஏறினார்கள். தேவிப்ரியா மேல்கட்டிலில் லேனாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் தினமும் நடக்கும் தெருதான். ஆனால் ஏதோ புது நாட்டுக்குள் போவதுபோல் இருந்தது. டிம் அவள் வாயில் ஓர் உருளைக்கிழங்கைத் திணித்தான்.

டாக் கேட்டில் இருவரும் இறங்கினார்கள். மணி ஐந்தே முக்கால். ஹெல்கா அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லேனா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கையாட்டினாள்.

கேட்டைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே சரக்கு ரயில் தண்டவாளம். அப்பா தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டார். வேன் ஏறியது, குலுங்கியது, இறங்கியது. டயர் உரசவில்லை.

"சத்தமே இல்ல," என்றார் அப்பா. பிறகு, "நல்ல மிஸ்திரி," என்றார்.

ஹெல்காவைச் சொன்னாரா, மகளைச் சொன்னாரா என்று தேவிப்ரியா கேட்கவில்லை. கேட்டு, "ஹெல்காவைத்தான்" என்று சொல்லிவிட்டால்? எதற்கு வம்பு! அவள் தன்னைத்தான் என்று வைத்துக்கொண்டாள்.